மழை எந்தப் பக்கம் பெய்கிறது?

அத்தியாயம் 11

பழி முழுவதும் டி.வி.யின் மேல்தான் விழுந்தது. "படம் நல்லாத்தான் தெரியுது, வசனம்தான் வாய்க்குள்ளயே முனகுது" என்று வீட்டுக்காரர் எட்டு மாதமாகப் புலம்பி, கடைசியில் அது எதிர்வீட்டுக்கு இனாமாகப் போனதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அங்கே போனதும் அதற்கு எப்படியோ வாய் வந்துவிட்டது. நாலு நாளாக எதிர்வீட்டுச் செய்திகள் தெருமுனை வரை கேட்கின்றன. இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக: இந்த வீட்டில் மூன்றே பேர்.

வீட்டுக்காரர் பஸ் டெப்போவில் தலைமை மெக்கானிக். அங்கே அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் வண்டிகள் இரண்டிரண்டாக, அவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, மெல்ல ஊர்ந்து வாசலை நோக்கிப் போகும். அவர் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "இது போகட்டும். அந்த வண்டி நிக்கட்டும், பின் சக்கரத்துல பேரிங் தேஞ்சிருக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் தேய்ந்திருக்கும். அவர் கையெழுத்துப் போடாமல் ஒரு வண்டியும் வாசலைத் தாண்டாது.

அவர் மனைவி உடற்கல்வி ஆசிரியை. மைதானத்தின் இந்தக் கோடியில் நின்றபடி அந்தக் கோடியில் ஷூ லேஸ் கட்டாதவனை அதட்டக்கூடியவர். வீட்டுக்குள்ளும் அதே குரல்தான். "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டால் மாடி வீட்டுக்காரர்கள் "வேண்டாம்" என்பார்கள். கட்டிய கணவரே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

மகள் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். "அப்பாவுக்கு வசனம் விழணும், அவ்வளவுதானே? சின்னதா ஒரு ஹோம் தியேட்டரே போட்டுடலாம்" என்று மூன்று மாதம் ஒற்றைக்காலில் நின்று, இந்தச் சனிக்கிழமையைப் பிடித்திருந்தாள்.

"அப்பா, டேப்போட அந்த முனையைப் பிடிங்க. இழுக்காதீங்க."

"நான் எங்கம்மா இழுக்கிறேன்? நீதான் இழுக்கிற."

கூடம் பதினாறு அடிக்குப் பன்னிரண்டு. அம்மாவின் பள்ளிக்கூடச் சாக்பீஸால் தரையில் ஐந்து வட்டம் போட்டிருந்தாள் மகள். முன்னால் இடதும் வலதும், டி.வி.க்குக் கீழே நடுவில் ஒன்று, பின்னால் இரண்டு. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பெருக்கல் குறி.

"இது உங்க சீட். அஞ்சு ஸ்பீக்கரும் இந்த இடத்தைப் பாத்துதான் பேசும்."

"எனக்கு எதுக்கு ராஜா மாதிரி நடுவுல? என் இடம் அங்க இருக்கே." சோபாவின் இடது கோடியைக் காட்டினார். கொஞ்ச நாளாக அந்த மூலையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

"அங்க உக்காந்தா இடது ஸ்பீக்கர்தான் காதுல வந்து அடிக்கும்."

"அடிக்கட்டுமே" என்றார் வேகமாக.

டீச்சர் அடுக்களையிலிருந்து வந்தார். "நாம மூணு பேரு, மொத்தம் ஆறு காது. அதுக்கு அஞ்சு ஸ்பீக்கரா? ஸ்கூல் ஆண்டு விழாவுக்கே ரெண்டுதான் வைப்போம்."

"ஆண்டு விழாவுக்கு உனக்கு மைக்கே வேணாம் டீச்சர்" என்றார் காதுக்காரர். மகள் சிரித்த சிரிப்பில் டேப் சுருட்டிக்கொண்டு ஓடிவந்து அவள் விரலில் அடித்தது.

இப்படித்தான் கிளம்பினார்கள். அந்த வீட்டில் எந்த நல்ல காரியமும் ஒரு சின்னச் சண்டை இல்லாமல் வாசல் இறங்கியதில்லை.

கடைக்காரர் ஐம்பதைத் தொட்டவர். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூ டிரைவர். எதையும் விற்கிற அவசரமே இல்லாமல், வைத்தியர் மாதிரி கேள்வி கேட்டார்.

"ஜன்னல் எந்தப் பக்கம்?"

"டி.வி.க்கு நேர் எதிர்ல" என்றாள் மகள். "ப்ரொஜெக்டர் வைக்கலாமா சார்?"

"பகல்ல பாப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் பாப்போம்" என்றார் டீச்சர்.

"அப்போ ப்ரொஜெக்டர் வேணாம். வெளிச்சத்துல படம் சோகை பிடிச்ச மாதிரி தெரியும். டி.வி.யே வாங்குங்க, அதுலயும் ரொம்பப் பெரிசு வேணாம். தரையில விரிப்பு இருக்கா? பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி?"

"பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டதான் எங்களைப் பத்திக் கேக்கணும்" என்றார் காதுக்காரர். டீச்சர் அவரை முறைத்தார்.

உள்ளே கேட்டுப் பார்ப்பதற்கென்று ஓர் அறை இருந்தது. சுவரெல்லாம் தடித்த துணி. கதவைச் சாத்தியதும் தெருவே காணாமல் போய்விட்டது. டீச்சர் ஒருமுறை கை தட்டிப் பார்த்தார். தட்டிய ஓசை தட்டிய இடத்திலேயே விழுந்துவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

"டி.வி.க்குக் கீழ இருக்கே, இதான் சென்டர் ஸ்பீக்கர்" என்றார் கடைக்காரர். "படத்துல பேசறது முக்காவாசி இதுலதான் வரும். மத்ததுல சிக்கனம் பிடிங்க, இதுல பிடிக்காதீங்க."

காதுக்காரரின் முகம் மலர்ந்தது. "பாத்தியா டீச்சர்! நம்ம டி.வி.ல இது இல்ல. அதான் வசனம் விழல. நான் எட்டு மாசமா அதைத்தானே சொல்றேன்?"

அவர் குரலில் இருந்த நிம்மதியைப் பார்த்து மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று மாதமாகத் தேடித் தேடிப் படித்தது வீண் போகவில்லை.

அவரை நடு நாற்காலியில் உட்காரவைத்து ரிமோட்டைக் கையில் கொடுத்தார் கடைக்காரர். "மைக் வச்சா மெஷினே எல்லாத்தையும் சரி பண்ணிக்கும் சார். ஆனா மெஷினா வந்து படம் பாக்கப் போகுது? உக்கார்ற ஆளோட காதுதான் முக்கியம். இப்போ மழை போடறேன். ரெண்டு பக்கமும் ஒரே அளவா பெய்யுதான்னு சொல்லுங்க. இது இடது பட்டன், இது வலது."

திரையில் ஓட்டுக் கூரையின் மேல் மழை கொட்டியது. டீச்சர் கணவரின் இடது பக்கமும் மகள் பின்னாலும் உட்கார்ந்திருந்தார்கள். நனையாமலே நனைந்த மாதிரி இருந்தது அவர்களுக்கு.

"எந்தப் பக்கம் சார் பெய்யுது?"

"வலது பக்கம்."

"இடது பக்கமும் அதே அளவு கேக்கிற வரைக்கும் ஏத்துங்க."

காதுக்காரர் பட்டனை அழுத்தினார். இன்னும் அழுத்தினார். இடது ஸ்பீக்கரில் மழை புயலானது. புயல் பிரளயமானது. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிப் படம் கிடுகிடுத்தது.

"அப்பா!" மகள் காதைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "விளையாடாதீங்கப்பா, போதும்!"

அவர் இன்னும் இரண்டு முறை அழுத்தினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "இப்போ சரியா இருக்கு. ரெண்டு பக்கமும் சமமா பெய்யுது" என்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் மழை கேட்ட மனிதரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். அவ்வளவு சந்தோஷம்.

கண்ணைத் திறந்து திரும்பினார். மகள் காதைப் பொத்தியிருந்தாள். டீச்சரும் பொத்தியிருந்தார். ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை.

கடைக்காரர் ரிமோட்டை வாங்கி, மழையைத் தணித்து, படத்தை நிறுத்தினார். எத்தனையோ பேரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவர் அவர். "வாம்மா, ஒயர் எவ்வளவு நீளம் வேணும்னு உன் பிளானை வச்சுப் பாத்துடலாம்" என்று மகளை வெளியே அழைத்துப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

டீச்சர் இடது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் பேசியிராத மெல்லிய குரலில், "நான் சொல்றது கேக்குதா?" என்றார்.

காதுக்காரர் நின்றுபோன மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க… கேக்குதா?"

அவர் திரும்பவில்லை. இருபத்தாறு வருஷம் கூடவே இருந்திருக்கிறோம், இது தெரியவில்லையே என்று டீச்சருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. நான் கத்திக் கத்திப் பேசியே மறைத்துவிட்டேனோ என்று தோன்றியது. எழுந்து சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் உட்கார்ந்தார்.

"எத்தனை மாசமா?"

காதுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். பொய் சொல்ல வாயெடுத்தார், டீச்சர் கண்ணைப் பார்த்ததும் முடியவில்லை.

"எட்டு மாசம் இருக்கும். முதல்ல அடைப்புன்னு நினைச்சேன். அப்புறம் டி.வி. சரியில்லன்னு நினைச்சேன். நிஜமாவே நினைச்சேன் டீச்சர், நடிக்கல."

"டாக்டர்?"

"போனா காது போச்சுன்னு எழுதிக் கொடுப்பாங்க. எழுதிக் கொடுத்தா டெப்போவுக்குத் தெரிஞ்சுடும்."

"அங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"இப்போல்லாம் ஒரு ஒரு வண்டியா வலது பக்கமா விடச் சொல்றேன். லேட் ஆகுதுன்னு திட்டறாங்க. முன்னாடி ரெண்டு ரெண்டாத்தான் விட்டேன். போன மாசம் ஒரு வண்டி நடுவழியில பின் சக்கரம் இறுகிப்போய் நின்னுச்சு. அது என் இடது பக்கமா போன வண்டி. எனக்கு ஒண்ணுமே கேக்கல. சரின்னு கையெழுத்துப் போட்டேன்."

"எந்த வண்டி?"

"காலையில ஸ்கூல் நேரத்து வண்டி. டிரைவர் கெட்டிக்காரன், ஓரங்கட்டிட்டான். யாருக்கும் ஒண்ணும் ஆகல."

டீச்சர் அவரையே பார்த்தார். "அன்னிக்கு என் கிளாஸ்ல ஒன்பது பேர் லேட். பஸ் நின்னுடுச்சு டீச்சர்னு சொன்னாங்க. நான் நம்பல. கிரவுண்டை மூணு சுத்து ஓடவிட்டேன்."

அந்த ஒன்பது பேரும் அந்த அறைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. காதுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொன்னா ஸ்டோர் ரூம்ல நட்டு போல்ட்டைப் பாத்துக்கச் சொல்லுவாங்க. முப்பது வருஷமா அங்க என் பேரே காதுக்காரர்தானே. அது போயிட்டா நான் யாரு?"

"என் புருஷன்" என்றார் டீச்சர். "அவ அப்பா. அது போதாதா உங்களுக்கு?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஆனா திங்கக்கிழமை காலையில அந்த வாசல்ல நின்னு இன்னொரு வண்டிக்குக் கையெழுத்துப் போட்டீங்கன்னா, அந்த வண்டியில நான் போய் உக்காந்துக்குவேன். என் பசங்களோட."

கதவு திறந்தது. "அம்மா, எல்லாம் முடிவாயிடுச்சு! ஆர்டர் போட்டுடலாமா?"

"ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றோம்" என்றார் டீச்சர்.

மகளின் முகம் தொங்கிப்போனது.

திரும்பும்போது பஸ் ஸ்டாப் வரை அவள் நாலடி முன்னாலேயே நடந்தாள். வந்தது அப்பா டெப்போ வண்டிதான். ஏறியதும் நேரே போய் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலை வெறித்தாள்.

"அண்ணே!" டிரைவருக்கு வாயெல்லாம் பல். "நேரம் பாத்து வந்தீங்க. கொஞ்ச தூரமா பின்னாடி ஒரு உறுமல். டெப்போவுக்குப் போன் போடலாமான்னு யோசிச்சேன். நீங்களே வந்துட்டீங்க, இனி என்ன கவலை? பின் சீட்ல உக்காந்து அடுத்த ஸ்டாப் வரைக்கும் கேட்டுச் சொல்லுங்கண்ணே. சாதாரண சத்தம்னு நீங்க சொன்னா ஓட்டறேன்."

காதுக்காரர் பின் சீட்டில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார். உறுமல் இருந்தது. எங்கிருந்து? அவருக்கு உலகத்தில் எல்லாமே இப்போது வலது பக்கத்திலிருந்துதான் வருகிறது. பேரிங்கா, பெல்ட்டா, பாதையின் சொரசொரப்பா? ஒரு காலத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பார். வண்டியில் நாற்பது பேராவது இருந்தார்கள். டீச்சர் வேண்டுமென்றே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கைப்பையை நெரித்துக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றது. "என்னண்ணே, ஓட்டலாமா?" என்று அங்கிருந்தே கேட்டார் டிரைவர்.

ஓட்டலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயரும் பிழைக்கும், மகள் முன்னால் மானமும் பிழைக்கும். காதுக்காரர் எழுந்து முன்னால் வரை நடந்து வந்தார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணு. என்னால சொல்ல முடியல. எனக்கு இடது காது கேக்கல!"

இன்ஜின் சத்தத்துக்கு மேல் கேட்கவேண்டுமே என்று கத்தியிருந்தார். அதற்குள் டிரைவர் ஆஃப் செய்துவிட்டதால் கடைசி வார்த்தைகள் வண்டி முழுக்கக் கேட்டன.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே" என்று சிரிக்கப் பார்த்த டிரைவர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

காதுக்காரர் இறங்கினார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோனார். வலது பக்கம் வெதுவெதுப்பு. இடது பின் சக்கரத்துக்கு அரையடி தள்ளியே கை சுட்டது. "எல்லாரையும் இறக்கு" என்றார். "இந்த வண்டி ஒரு அடி நகரக் கூடாது."

முணுமுணுத்துக்கொண்டே ஆட்கள் இறங்கினார்கள். மகள் கடைசியாக இறங்கி வந்து அவர் எதிரே நின்றாள்.

"அப்போ நம்ம டி.வி.?"

"அது நல்லாத்தாம்மா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் தோளில் ஒரு குத்து விட்டாள். "மூணு மாசம் உக்காந்து படிச்சேனேப்பா. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ படிக்கிறதைப் பாத்து எனக்கும் ஆசை வந்துடுச்சு. ஒருவேளை உன் ஸ்பீக்கர்ல சரியாயிடுமோன்னு நம்பினேன்."

அவள் அப்படியே அவரைக் கட்டிக்கொண்டாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, பார்க்கட்டும்.

டிரைவர் போனோடு ஓடி வந்தார். போனின் வாய்ப்பகுதியைக் கையால் மூடிக்கொண்டு, "மேனேஜர். வேற வண்டி அனுப்பறாராம், உங்ககிட்ட பேசணுமாம். சக்கரம் சூடாயிடுச்சுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன். வேற எதுவும் என் வாயில வராதுண்ணே" என்றார்.

காதுக்காரர் போனை வலது காதில் வைத்தார்.

"லீவு நாள்லயும் நாற்பது பேரைக் காப்பாத்திட்டீங்க!" மேனேஜரின் குரலில் உற்சாகம் பொங்கியது. "உங்க காது இருக்கிற வரைக்கும் இந்த டெப்போவுக்கு என்ன கவலை?"

காதுக்காரர் மனைவியைப் பார்த்தார். டீச்சர் கண்ணை எடுக்கவில்லை.

"சார், இது காதால கண்டுபிடிச்சது இல்ல. கை வச்சுப் பாத்தேன். எனக்கு இடது காது போய் எட்டு மாசமாச்சு. போன மாசம் ஸ்கூல் பசங்களோட நின்ன வண்டி… அதை நான் கேக்காமலே அனுப்பினேன் சார்."

லைன் அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"அந்த வண்டிக்கு விசாரணை நடந்தது தெரியுமில்ல?" மேனேஜரின் குரல் மாறியிருந்தது. "காதுக்காரர் சரின்னு கையெழுத்துப் போட்ட வண்டி, அப்போ அதை எடுத்துட்டுப் போன டிரைவர்தான் தாறுமாறா ஓட்டிக் கெடுத்திருக்கணும்னு எழுதியிருக்காங்க. அவனை வேலையை விட்டு எடுக்கிற ஆர்டர் இப்போ என் மேஜை மேல இருக்கு. இன்னும் அரை மணி நேரத்துல அனுப்பறதா இருந்தேன்."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னதை எழுத்துல கொடுக்கணும். கொடுத்தா அப்புறம் உங்க வேலைக்கு நான் பொறுப்பு இல்ல. நல்லா யோசிச்சு, திங்கக்கிழமை வாங்க."

"திங்கக்கிழமை எதுக்கு சார்? அந்த ஆர்டரை அனுப்பாதீங்க. இப்பவே வர்றேன்."

போனை டிரைவரிடம் கொடுத்துவிட்டுச் சாலையைக் கடந்தார். டெப்போ பக்கம் போகும் வண்டிகள் எதிர்ப்புறம்தான் நிற்கும். டீச்சரும் மகளும் அவருக்கு இரண்டு பக்கமும் நடந்தார்கள்.